பாவனை வானூர்தியும் பழுதிலா அளவும்

முன்னுரை

வானில் பறக்க வேண்டும் என்னும் வேட்கை மனிதனிடம் தொன்றுதொட்டு இருந்து வருவதாகும். அவ்வேட்கையை வீட்டுக் கணிப்பொறியின் திரையிலேயே ஓரளவு நிறைவேற்றித் தரும் மென்பொருளைப் ‘பிளைட் சிமுலேட்டர்’ என்பர். தமிழில் இதனைப் ‘பாவனைப் பறப்பு’ எனலாம். இம்மென்பொருளுடன் சில விமானங்கள் உடன் வருகின்றன. அவற்றிற்குப் புறம்பாக ஆர்வலர்களும் சிறு நிறுவனங்களும் உருவாக்கித் தரும் விமானங்கள் ‘ஆட்-ஆன்’, அதாவது இணைப்பு விமானங்கள் எனப்படும். பழைய இணைப்பு விமானம் ஒன்றைப் புதுப்பிக்கும் முறையினையும், அதில் காக்கப்பட வேண்டிய நெறியினையும் செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

பாவனைப் பறப்பின் வரலாறு

தரையில் அமர்ந்தே பறக்கக் கற்பிக்கும் பொறியை 1929-இல் அமெரிக்கரான எட்வின் லிங்க் என்பவர் உருவாக்கினார். அவருடைய தந்தையார் பிங்காம்டன் நகரில் இசைக்கருவித் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். குழலிசைக் கருவிகளுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே லிங்க் தம் பொறியை அசையச் செய்தார். தொடக்கத்தில் அதனைப் பலரும் கேளிக்கைப் பொருளாகவே கருதினர். 1934-இல் அமெரிக்கப் படை விமானிகளிடம் அஞ்சல் எடுத்துச் செல்லும் பணி ஒப்படைக்கப்பட்டது. மோசமான வானிலையில், கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பயிற்சி போதாமையால் சில வாரங்களிலேயே பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே படைத்துறை லிங்கின் பொறிகளை வாங்கியது. பாவனை என்பது விளையாட்டன்று என்னும் உண்மையை உலகம் உணர்ந்தது உயிர்களை விலையாகக் கொடுத்த பிறகே ஆகும்.

கணிப்பொறிக்கு இக்கலையைக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் புரூஸ் ஆர்ட்விக். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவருடைய முயற்சியால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிளைட் சிமுலேட்டர் 1982-இல் வெளிவந்தது. ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேன் என்னும் மென்பொருளும் எவரும் விலையின்றிப் பெறக்கூடிய பிளைட்கியர் என்னும் மென்பொருளும் 1990-களில் தோன்றின.

மெய் விமானம் மாறிய வகை

செஸ்னா 172 முதன்முதலாகப் பறந்தது 1955-இல். நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டவை கட்டப்பட்ட இதுவே உலகில் மிகுதியாக உருவாக்கப்பட்ட விமானமாகும். பெயர் ஒன்றாயினும் வகைகள் பல. 1980-களைச் சேர்ந்த 172பி என்னும் வகை 160 குதிரைத்திறன் கொண்டது. எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் அதில் உண்டு. 1998-இல் வந்த 172எஸ் வகையோ 180 குதிரைத்திறன் கொண்டது. எரிபொருளை நேரே செலுத்தும் அமைப்புடையது. முன்னதன் பெரும எடை 2400 பவுண்டு. பின்னதன் பெரும எடை 2550 பவுண்டு.

ஆகவே, 172பி வகையின் பாவனை வடிவத்தை 172எஸ் ஆக்க விரும்புவோர் வண்ணத்தை மட்டும் மாற்றி அமைதல் கூடாது. கார்புரேட்டரில் பனி படிவதைத் தடுக்கும் சூடேற்றுக் குமிழை நீக்க வேண்டும். எரிபொருள் மின்விசைக் குழாய்க்கான பொத்தானைச் சேர்க்க வேண்டும். எந்திரத்தின் திறனையும் எடையையும் திருத்த வேண்டும். இல்லாத குமிழைத் தேடவும், இருக்கும் பொத்தானை மறக்கவும் பழகிய கை, மெய் விமானத்திலும் அவ்வாறே தடுமாறும்.

மென்பொருள் மாறிய வகை

2006-இல் வெளிவந்த பிளைட் சிமுலேட்டர் எக்ஸ், 32 பிட் முறையில் இயங்கியது. அம்முறையில் ஒரு செயல்நிரல் நான்கு கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைக் கையாள இயலாது. 2009-இல் மைக்ரோசாஃப்ட் தன் பாவனைப் பறப்புப் பிரிவை மூடிவிட்டது. நீண்ட இடைவெளிக்குப் பின், பிரான்சு நாட்டு அசோபோ நிறுவனம் உருவாக்கிய புதிய பதிப்பு 2020-இலும், அதன் அடுத்த பதிப்பு 2024-இலும் வெளியாயின. இவை 64 பிட் முறையில் இயங்குவன.

இதனால் நேர்ந்த இடர்ப்பாடு யாது? 32 பிட் முறைக்கெனத் தொகுக்கப்பட்ட அளவைக் கருவிகளின் நிரல்கள் 64 பிட் மென்பொருளில் ஏறமாட்டா. வானூர்தியின் உருவம் திரையில் தோன்றும். உயரமானியும் திசைகாட்டியும் இருக்க வேண்டிய இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். அக்கருவிகளைப் புதிய நிரல்மொழிகளில் மீண்டும் எழுதியாக வேண்டும். பழைய பதிப்பில் ஒரே கோப்பில் அடங்கியிருந்த விவரங்களும் புதிய பதிப்பில் பறத்தல், எந்திரம், துணை அமைப்புகள் எனத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றை இடமறிந்து பெயர்த்து வைத்தல் பொறுமையை வேண்டும் பணியாகும்.

48 என்னும் எண்

புதுப்பிப்போர் எளிதில் வழுக்கும் இடம் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். விமானத்தின் வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறையுமாயின், இறக்கை போதிய தூக்குவிசையைத் தர இயலாது. விமானம் தாழத் தொடங்கும். இந்நிலையை ‘ஸ்டால்’ என்பர். சிறகு மடல்களைத் தாழ்த்தினால், இந்த எல்லை வேகம் மேலும் குறையும்.

172எஸ் விமானத்தின் வேகமானியில் பச்சை வளைவு 48 நாட்டில் தொடங்குகிறது. நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். மடல்கள் தாழ்த்தப்படாத நிலையில் ஊசி காட்டும் எல்லை வேகம் இந்த 48 ஆகும். ஆனால் விமானியின் கையேடோ, பிழை நீக்கிய எல்லை வேகம் மடல் தாழாத நிலையில் 53 நாட் என்றும், முழுதும் தாழ்ந்த நிலையில் 48 நாட் என்றும் கூறுகிறது. மூக்கு உயர்ந்து மெதுவாகப் பறக்கும்போது, காற்றழுத்தத்தை உணரும் குழாயும் துளையும் சற்றுப் பிழையாக உணர்வதால் ஊசி குறைத்துக் காட்டுகிறது. இவ்வாறாக, 48 என்னும் ஒரே எண் இரு வேறு பொருளில் வருகிறது.

பச்சை வளைவைப் பார்த்துப் பாவனைக் கோப்பில் மடல் தாழாத உண்மை வேகமாக 48-ஐ எழுதிவிட்டால் என்ன ஆகும்? தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. 53-ஐ 48-ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறத்தாழ 1.22 வரும். அதாவது மெய் இறக்கையைவிட 22 விழுக்காடு வலிமை மிக்க கற்பனை இறக்கை ஒன்று உருவாகிவிடும். 45 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது எல்லை வேகம் சுமார் 1.19 மடங்கு உயரும். மெய் விமானம் 63 நாட்டில் தூக்குவிசை இழக்கும். கற்பனை விமானமோ 57 நாட் வரை தாங்கும். ஓடுபாதையை நோக்கித் திரும்பும் தாழ்ந்த உயரத்தில் இந்த ஆறு நாட் வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. ஏனெனில், அங்கே விழத் தொடங்கும் விமானத்தை மீட்க உயரம் இராது.

சரியான முறை, உண்மை எல்லையை 53 என்றே அமைத்து, ஊசியின் பிழையை வேகமானியின் திருத்த அளவில் தனியே சேர்ப்பதாகும். இறக்கை வேறு, ஊசி வேறு.

சோதித்துப் பார்த்தல்

புதுப்பித்த விமானத்தைக் கையேட்டுடன் ஒப்பிட்டுச் சோதித்தல் இன்றியமையாதது. கடல் மட்டம், 15 பாகை செல்சியசு, காற்றின்மை, பெரும எடை ஆகிய நிலைகளை அமைத்துக்கொள்ள வேண்டும். 172எஸ் அந்நிலையில் நிமிடத்திற்கு 730 அடி ஏற வேண்டும்; 960 அடி ஓடித் தரையை விட்டு எழ வேண்டும். 8500 அடி உயரத்தில் முக்கால் திறனில் 124 நாட் வேகம் காட்ட வேண்டும். எந்திரத்தை நிறுத்தி 68 நாட்டில் சறுக்கவிட்டால், இழக்கும் உயரத்தைப் போல் ஒன்பது மடங்கு தொலைவு செல்ல வேண்டும்.

அளவு பிறழ்ந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும். ஏறும் வேகம் குறைகிறதென்று எந்திரத் திறனை 200 ஆக உயர்த்துவோர் உண்டு. ஏறும் வேகம் சரியாகும்; ஆனால் கிடைப்பறப்பு வேகம் மிகுந்துவிடும். குறை உந்தியிலோ காற்றுத் தடையிலோ இருந்திருக்கக் கூடும். ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழையைச் செய்தல் திருத்தமாகாது.

உரிமையும் நேர்மையும்

இணைப்பு விமானங்களுள் பல, ஊதியம் கருதாத ஆர்வலர்களின் பல மாத உழைப்பு. விலையின்றி வழங்கப்பட்டது என்பதனால் உரிமையற்றது என்று பொருளன்று. உடன் வரும் குறிப்பில் ஆக்கியோன் விதித்த நிபந்தனையைப் படித்து, இசைவு பெற்று, அவர் பெயரை முன்னிறுத்திய பின்னரே புதிய பதிப்பை வெளியிடல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் மூலபாடம் இது, தாம் திருத்தியது இது எனப் பிரித்துக் காட்டுவர். விமானத்தைப் புதுப்பிப்போரும் மாற்றிய அளவுகளையும், அவற்றிற்கான சான்றினையும், இன்னும் தீராத குறைகளையும் பதிப்பு எண்ணுடன் எழுதி வைத்தல் கடமையாகும்.

முடிவுரை

வீட்டுக் கணிப்பொறியில் பறந்த நேரத்தை அமெரிக்க வானூர்தி நிர்வாகம் உரிமத்திற்கான பயிற்சி நேரமாக ஏற்பதில்லை. ஒப்புதல் பெற்ற பயிற்சிக் கருவியில், ஆசிரியரின் மேற்பார்வையில் செலவிடும் நேரத்தையே ஒரு வரம்புக்குட்பட்டு ஏற்கிறது. ஆயினும் பயிற்சி பெறும் மாணவர் பலர் இரவில் வீட்டில் பழகியதை மறுநாள் மெய் விமானத்திற்கு எடுத்துச் செல்கின்றனர். ஏட்டில் பதியாத அந்த நேரம் கையிலும் கண்ணிலும் பதிந்துவிடுகிறது. ஆதலின், பளபளக்கும் வண்ணத்தைவிடப் பழுதிலா அளவே புதுப்பித்தலின் உயிர்நாடியாகும். முகமறியாத ஒருவர் தம் கோப்பில் எழுதும் ஓர் எண்ணை நம்பி, முகமறியாத இன்னொருவர் பறக்கக் கற்கிறார் என்பதைப் புதுப்பிப்போர் நெஞ்சில் நிறுத்துவாராக.