போலீஸ் மீது புகார் வேறு, வழக்கு வேறு: 36 மாதக் கெடு தெரியுமா?

பாகான் டத்தோவில் ஒரு ராத்திரி உங்க அண்ணனை போலீஸ் கைது செய்கிறது. நாலு நாள் லாக்கப்பில் வைத்து, குற்றம் சாட்டாமல் அனுப்பிவிடுகிறது. "அதான் விட்டுட்டாங்களே, வம்பு வேணாம்" என்பார் அம்மா. ஆனால் கைதே தவறு என்றால்?

குற்றம் சாட்டாமல் விட்டதாலேயே அது தவறான கைது ஆகிவிடாது. சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்ததா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதிப்படி, கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும். மேஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் தடுத்து வைக்கக் கூடாது.

போலீசாரின் நடத்தை பற்றிப் புகார் செய்ய போலீஸ் படைக்குள்ளேயே ஜிப்ஸ் எனும் நேர்மைப் பிரிவு உண்டு. வெளியே என்றால், 2023 ஜூலை 1 முதல் ஐபிசிசி ஆணையம். அது விசாரிக்கும், பரிந்துரைக்கும், தண்டிக்காது. 2005இல் அரச விசாரணை ஆணையம் கேட்டதோ இதைவிட அதிகாரம் கூடிய அமைப்பு. இழப்பீடும் அங்கே கிடைக்காது. அதற்கு சிவில் வழக்குதான் வழி.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி, 36 மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். 'புகார் விசாரணையில இருக்கு' என்று காத்திருந்தால் கெடு நமக்காகக் காத்திருக்காது.

நாடறிந்த குகன் வழக்கையே பாருங்கள். அவர் 2009 ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். தாயார் வழக்குப் போட்டது 2012 ஜனவரியில், கெடு முடியும் தறுவாயில். 2013இல் உயர் நீதிமன்றம் 801,700 ரிங்கிட் வழங்கத் தீர்ப்பளித்தது. அதில் 300,000 ரிங்கிட், அதிகார அத்துமீறலைக் கண்டிக்கும் வகையிலான இழப்பீடு. 2017இல் கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை ரத்து செய்தது. காரணம், இறந்தவர் சார்பில் அந்த வகை இழப்பீட்டைக் கோர சட்டத்தில் இடமில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவரே கேட்டிருக்கலாம்! கசப்பான சட்டம்தான், ஆனால் இன்றைய நிலை அது.

அண்ணன் வீடு வந்ததும், கைது செய்த அதிகாரியின் பெயர், நிலையம், நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அதிகாரி யாரென்று காட்டாமல் அரசாங்கத்தின் மீது மட்டும் வழக்குப் போடுவது சிக்கல். அடி விழுந்திருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் அறிக்கை வாங்குங்கள். இன்னும் லாக்கப்பில்தான் இருக்கிறாரா? தடுப்புக் காவல் விசாரணைக்கு ஒய்பிஜிகே எனும் தேசிய சட்ட உதவி அறவாரியம் மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தரும்.