பேராலயத்தில் ஒரு யூதருக்கு அஞ்சலி

1975 அக்டோபர் 25, சனிக்கிழமை காலை. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் இருந்த இராணுவ உளவுப் பிரிவின் விசாரணை மையத்துக்குத் தாமாகவே வந்து சேர்ந்தார் விளாடிமிர் ஹெர்சாக். வயது 38. 'டிவி கல்ச்சுரா' தொலைக்காட்சியின் செய்திப் பிரிவு இயக்குநர். முந்தைய இரவு அவரைப் பிடித்துப்போக வந்தவர்களிடம், காலையில் நானே வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மாலைக்குள் அவர் உயிரோடு இல்லை.

தற்கொலை என்றது இராணுவம். ஆதாரமாக ஒரு புகைப்படத்தையும் வெளியிட்டது. சன்னல் கம்பியில் கட்டிய துணிப்பட்டையில் அவர் உடல் தொங்குகிறது. ஆனால் முழங்கால்கள் மடிந்து, பாதங்கள் தரையில் படிந்திருக்கின்றன. அந்தப் படமே இராணுவத்தின் கூற்றைப் பொய்யாக்கிவிட்டது.

ஹெர்சாக் யூதர். தற்கொலை செய்துகொண்டவரை மற்றவர்களோடு சேர்க்காமல் கல்லறைத் தோட்டத்தில் ஒதுக்குப்புறமாக அடக்கம் செய்வது யூத மரபு. உடலைக் கழுவித் தயார்செய்தவர்கள் அதில் சித்திரவதையின் தடயங்களைக் கண்டார்கள். செய்தி ஹென்றி சோபெல் என்ற இளம் ரபியிடம் போனது. ஹெர்சாக்கை ஒதுக்குப்புறத்தில் புதைக்க மாட்டோம் என்று அவர் முடிவெடுத்தார். அறிக்கை ஏதும் தேவைப்படவில்லை. குழி வெட்டிய இடமே, இது கொலை என்று நகரத்துக்குச் சொல்லிவிட்டது. தணிக்கையாளரின் பேனா எட்டாத இடம் அது.

ஆறு நாள் கழித்து, அக்டோபர் 31 அன்று, நகரின் நடுவிலுள்ள சே பேராலயத்தில் அஞ்சலி வழிபாடு நடந்தது. முன்னின்றவர்கள் மூவர்: கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் பாவ்லோ எவரிஸ்தோ ஆர்ன்ஸ், ரபி சோபெல், பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜெய்மி ரைட். நகரத்துச் சாலைகளில் போலீஸ் தடுப்பு வைத்து வண்டிகளை மறித்தது. அப்படியும் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர் திரண்டார்கள். ஒரு யூதருக்காகக் கத்தோலிக்கப் பேராலயத்தில் எபிரேயப் பிரார்த்தனை ஒலித்தது. முடிந்ததும் கூட்டம் கோஷம் எழுப்பாமல் கலைந்தது. எங்காவது ஒரு கல் விழாதா என்று காத்திருந்த காவல்படைக்கு எந்தச் சாக்கும் கிடைக்கவில்லை.

அந்த மேடைக்கு மூவரும் வந்து சேர்ந்த வழிகள் வேறுவேறு. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அதை வரவேற்ற ஆயர்கள் பலர். கம்யூனிசம் ஒழிந்தது என்று நன்றி சொன்னார்கள். பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைத் தலைமையும் ஆட்சியாளர்கள் பக்கமே சாய்ந்திருந்தது. ஆகவே ஆர்ன்ஸும் ரைட்டும் இராணுவத்தை மட்டும் எதிர்த்து நின்றார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். சொந்த வீட்டாரையும் எதிர்த்தே நின்றார்கள்.

ஆர்ன்ஸ் 1973இலேயே பேராயர் மாளிகையை விற்று, புறநகர் ஏழைக் குடியிருப்புகளில் சமூக மையங்கள் கட்டினார். அதே ஆண்டு மார்ச்சில் நிலவியல் மாணவர் அலெஷாந்த்ரே வானுக்கி லெமே காவலில் கொல்லப்பட்டார். அவருக்காகவும் இதே பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றினார் ஆர்ன்ஸ். ரைட்டின் தம்பி பாவ்லோ, சான்டா கடரினா மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். 1973 செப்டம்பரில் பிடித்துச்செல்லப்பட்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை. தம்பியைத் தேடி அலைந்த போதகருக்குக் கதவு திறந்தவர் கத்தோலிக்கப் பேராயர்.

1976 ஜனவரியில் அதே விசாரணை மையத்தில் மனுவேல் ஃபியல் ஃபில்யூ என்ற தொழிலாளி இறந்தார். மறுபடியும் தற்கொலை என்றார்கள். இம்முறை அதிபர் கெய்சல், சாவோ பாவ்லோ படைத்தளபதியைப் பதவியிலிருந்து நீக்கினார். ஹெர்சாக்குக்காக எழுந்த கொந்தளிப்பு இல்லாதிருந்தால் ஒரு தொழிலாளியின் சாவு தளபதியின் நாற்காலியை ஆட்டியிருக்குமா என்பது சந்தேகமே.

ஆர்ன்ஸ், ரைட் நட்பிலிருந்து விளைந்த பெரிய வேலை பின்னால் வந்தது. 1979இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தபோது, கட்சிக்காரருக்கு மன்னிப்புக் கோர வழக்குக் கோப்பு வேண்டும் என்று கேட்டு, பிரேசிலியா இராணுவ உயர் நீதிமன்றத்திலிருந்து அதை 24 மணி நேரத்துக்கு எடுத்துப்போக வழக்கறிஞர்களால் முடிந்தது. அந்தக் கோப்புகளில் கைதிகள் நீதிபதி முன்னாலேயே தாங்கள் பட்டதைச் சொல்லியிருந்தார்கள்: மின் அதிர்ச்சி, கை கால்களைச் சேர்த்துக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடும் 'கிளிக்கம்பு', அறையில் இருந்தவர்களின் பெயர்கள். இராணுவ எழுத்தரே அதையெல்லாம் பதிவுசெய்திருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று இனி யாரும் தள்ளிவிட முடியாது. சாட்சி அரசின் சொந்தக் காகிதம்.

வழக்கறிஞர்கள் சிலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்கள் வாரம் ஏழு நாளும் ஓடின. 707 வழக்குகளின் முழுக் கோப்புகள், ஏறத்தாழ 10 லட்சம் பக்கங்கள் நகலாயின. ஆர்ன்ஸும் ரைட்டும் காப்பு. பணம் ஜெனீவாவிலுள்ள உலகத் திருச்சபைகள் மன்றத்திடமிருந்து ரைட்டின் வழியாக இரகசியமாக வந்தது. நுண்படச் சுருள்கள் பத்திரமாக வெளிநாட்டுக்குப் போயின. கத்தோலிக்கப் பேராயருக்குப் புராட்டஸ்டன்ட் பணம்! அன்றைய பிரேசிலில் எளிதில் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆவணங்களைத் தொகுத்தவர்களில் ஒருவர் பாவ்லோ வானுக்கி. தாமே சிறையில் வதைபட்டவர். கொல்லப்பட்ட மாணவர் அலெஷாந்த்ரேயின் உறவினர்.

ஆய்வின் சுருக்கம் 1985 ஜூலையில் 'பிரேசில்: இனி ஒருபோதும் வேண்டாம்' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வந்தது. வெளியிட்டது பிரான்சிஸ்கன் துறவிகளின் பதிப்பகம். உழைத்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை. விளம்பரமில்லாமல் கடைகளுக்கு வந்தது, மாதக்கணக்கில் விற்பனைப் பட்டியலின் முன்வரிசையில் நின்றது. அவ்வாண்டு நவம்பரில், சித்திரவதையில் ஈடுபட்டதாகக் கோப்புகளில் சொல்லப்பட்ட 444 பேரின் பட்டியலும் வெளியானது.

அந்த 444 பேரையும் சட்டம் தொடவில்லை. கைதிகளை விடுவித்த அதே 1979ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்பு அவர்களுக்கும் கவசமானது; 2010இல் பிரேசில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. 2013இல் ஹெர்சாக்கின் இறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்டது. இராணுவக் காவலில் நேர்ந்த துன்புறுத்தலாலும் காயங்களாலும் இறந்தார் என்று அப்போது அதில் எழுதப்பட்டது. 2018இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், இந்தக் கொலையை விசாரித்துத் தண்டிக்காததற்காகப் பிரேசில் அரசைப் பொறுப்பாக்கியது. விசாரணையை மீண்டும் தொடங்கச் சொன்னது. இதற்குள் ரைட் 1999இலும் ஆர்ன்ஸ் 2016இலும் காலமாகியிருந்தார்கள். மூவரில் தீர்ப்பைக் காண இருந்தவர் சோபெல் ஒருவரே. அவரும் அடுத்த ஆண்டு மறைந்தார்.