ஊமைக் கிடார்

கல்யாணப் பந்திகளில் பரிமாறிச் சேர்த்த 2,500 ரூபாயை ஒரு பழைய மின் கிடாருக்குக் கொடுத்துவிட்டேன். இரவல் ஒலிபெருக்கியில் இணைத்தும் ஊமை. "பாடாத பெட்டிக்காடா இத்தனை ரூபாய்?" என்றார் அம்மா.

மின் கிடாரின் உயிர், தந்திகளுக்கு அடியிலிருக்கும் 'பிக்கப்'. காந்தத்தைச் சுற்றி, தலைமயிரினும் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான், நண்பர்களே! நைலான் தந்தி கட்டினால் பலிக்காது.

நம் இயற்பியல் ஆய்வகத்தில் சுருளின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தேன்: 6,000 ஓம். கம்பி அறவில்லை! வெளியே செல்லும் வயரின் பற்றவைப்புதான் விட்டிருந்தது. (கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் விலை இரட்டித்திருக்கும்.) ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், துருவேறிய ஆறு தந்திகளையும் மாற்றினேன்.

வீட்டில் தடித்த தந்தியை மீட்டினேன். நொடிக்கு 82 அதிர்வுகள். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.