நுரை மட்டும் போதும்

2022 நவம்பர் 18. கட்டாரில் உலகக் கிண்ணம் தொடங்க இன்னும் இரண்டே நாள். மைதானங்களைச் சுற்றி பியர் விற்பனை கிடையாது என்று ஃபீஃபா அறிவித்தது. அனுசரணை கொடுத்த பட்வைசர் கம்பனிக்கு அது பேரிடி. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூரிலிருந்து அங்கே உழைக்கப்போன நம்மூர்ப் பொடியன்களுக்கோ அதில் நட்டம் ஒன்றுமில்லை. மைதானத்தில் மிஞ்சியது மதுவில்லாத பட்வைசர் ஸீரோ. விலை 30 றியால்! அந்தக் காசுக்கு வயிறாரச் சாப்பிட்டுவிடலாம்.

வளைகுடாவின் எந்தப் பக்காலாக் கடையிலும் குளிர்பெட்டியைத் திறந்தால் இந்த வகைப் பானங்கள் வரிசையாக நிற்கும். பார்பிக்கன் இங்கிலாந்தின் பழைய பியர் கம்பனியான பாஸில் பிறந்து, இப்போது சவூதியின் அவுஜான் கைக்கு வந்துவிட்டது. மூஸி சுவிட்சர்லாந்துச் சரக்கு.

தோஹாவில் எனக்கு ஒன்றை நீட்டிய மருதமுனைத் தம்பி, "குடிங்க காக்கா, இதுல ஒண்டுமில்ல" என்றான். பழச்சுவை சேராத அசல் வகை. முதல் மிடறில் கசப்பு, பின்னால் ஊறவைத்த தானியத்தின் வாடை, கடைசியில் அரைகுறை இனிப்பு. ஒண்டுமில்லாததுக்கு ஏன் இவ்வளவு கசப்பு என்று கேட்டேன். சிரித்தான்.

கசப்பு ஹொப்ஸ் பூவினுடையது. இந்தப் பானங்கள் பின்பற்றும் லாகர் பியர் என்பது முளைவிட்டுக் காயவைத்த பார்லியைக் காய்ச்சி, குளிரில் மெதுவாய் நொதிக்கவிட்டு, வாரக்கணக்கில் கிடத்தி எடுப்பது. மதுவை நீக்க, காற்றழுத்தத்தைக் குறைத்துச் சூடாக்குவார்கள். குறைந்த வெப்பத்திலேயே மது ஆவியாகிவிடும். சில கம்பனிகள் நொதிக்கவே விடுவதில்லை. எப்படிச் செய்தாலும் பானத்தின் கனம் போய்விடுகிறது. அந்த வெறுமையை மூடத்தான் மாதுளை, பீச், ஸ்ட்ராபெரி எல்லாம். அப்புறம் அது சோடாதான், வேறென்ன?

ஐரோப்பாவின் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் 'மதுவற்றது' கணக்குத்தான். அந்த எச்சம் பற்றி உலமாக்களிடையே ஒரே கருத்து இல்லை. ஆகவே டின்னைத் திருப்பி 0.0 என்று பார்த்த பிறகே பொடியன்கள் திறக்கிறார்கள். அதையும் மீறிப் பச்சைப் போத்தலோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால், உம்மாவின் கோல் உடனே வந்துவிடும்.

ஊரிலோ வலீமா மேசையில் எலிஃபண்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியரை வைத்தால் ஒருவரும் போத்தலைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்த இஞ்சிக் காரத்துக்கு முன்னால் மால்ட் வகைகள் எதுவும் எடுபடாது என்பதே என் கட்சி, அதிலும் மாட்டிறைச்சிப் புரியாணிக்குப் பிறகு.