எக்ஸ்எல் செயினும் விளக்கெண்ணெயும்

பேரணாம்பட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றுகிறேன். செயினுக்கு கிரீஸ் தடவலாமா, மெக்கானிக் கொடுக்கிற பழைய எஞ்சின் ஆயிலே போதுமா? எதைப் போட்டாலும் செயின் சீக்கிரம் போய்விடுகிறது.’

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இந்த வண்டியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 என்று வந்தது, 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டிக்கொண்டு எக்ஸ்எல் 100 ஆனது. தோல் கட்டும் ஷூ மூட்டையும் பிரியாணி அண்டாவும் போய்ச் சேருவது இதன் மேல்தான். ஆகவே நேரே செயினுக்கு வருகிறேன்.

செயினில் ஒரே ஒரு கண்ணியை உற்றுப் பாருங்கள். வெளியே தெரிவது உருளை. அதற்குள் ஒரு புஷ், புஷ்ஷுக்குள் ஒரு பின். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய அமைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. செயின் பல்சக்கரத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பின் புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்புகிறது. தேய்மானம் அங்கேதான். ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோமே, இரும்பு நீள்வதில்லை. இந்த மூட்டுகள் தேய்ந்து இடைவெளி விடுகின்றன. நூறு கண்ணியில் ஆளுக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தச் செயின் 10 மில்லிமீட்டர் கூடிவிடும்.

எண்ணெய் போக வேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய சந்து. கெட்டி கிரீஸ் அதற்குள் இறங்காது. வெளியிலேயே ஒட்டிக்கொண்டு மண்ணைச் சேர்த்து, உப்புத்தாள் போலப் பல்லை அறுக்கும். என் அம்மா தலைக்கு எண்ணெய் வைக்கும்போது உச்சியில் ஊற்றி விட்டுவிட மாட்டார். வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் மண்டையில் படும்படி தேய்ப்பார். செயினுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடையுங்கள். பிறகு 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ் ஓட்டத்தின் உள்பக்கமாக, தகடுகள் சேரும் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உள்பக்கம் விட்ட எண்ணெயை ஓடும் செயினே வெளிப்பக்கமாக வீசி மூட்டுக்குள் தள்ளும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் நல்லது. எஞ்சினை ஓடவிட்டுத் துணியோடு செயினைத் தொடவே தொடாதீர்கள், விரல் போய்விடும்.

வாசகரின் செயின் சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணம் அவர் கடிதத்திலேயே இருக்கிறது: உப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி அளவுக்கு உப்புப் போடுகிறார்கள். அது தோலிலிருந்து நீரை இழுத்து உப்புநீராகச் சொட்டும். சொட்டிய இடம் காய்ந்துவிட்டால் தொல்லை முடிந்தது என்று தோன்றும், முடிவதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையும். ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் கொட்டகைக்குள் நனையாமல் நிற்கும் வண்டியிலும் செயின் உப்புநீரில் ஊறிக்கொண்டுதான் இருக்கும். அப்படி வரும் துரு கடினமான பொடி. மூட்டுக்குள் போனால் அரைக்கும். தோல் கட்டுக்கு அடியில் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வையுங்கள். இறக்கிய அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, ஈரம் போன பிறகு எண்ணெய் விடுங்கள். உப்பின் மேலேயே எண்ணெய் விட்டால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். வாட்டர் சர்வீஸ் பீச்சாங்குழலைச் சக்கர நடுவில் பிடிக்க விடாதீர்கள். சீலைத் தாண்டி பேரிங்குக்குள் தண்ணீர் ஏறும்.

கிரீஸுக்கு வேலை அந்த பேரிங்கிலும், ஹேண்டில்பார் திரும்பும் பால் ரேஸிலும், பிரேக் கேம் தண்டிலும்தான். (கேமுக்கு ஒரு பொட்டு போதும், லைனிங்கில் வழிந்தால் பிரேக் பிடிக்காது.) எனக்கு இதில் அலுக்காத ஆச்சரியம் கிரீஸ் என்ற பொருளே. பத்தில் எட்டு ஒன்பது பங்கு எண்ணெய், மீதி பெரும்பாலும் சோப்பு. சோப்பின் நுண்ணிய இழைகள் பின்னி எண்ணெயைத் தமக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. குண்டுகள் உருளும்போது நசுங்கி இளகுகிறது, வண்டி நின்றதும் மறுபடி இறுகுகிறது. கடையில் வாங்கும் கிரீஸில் பெரும்பகுதி லித்தியம் சோப்பு சேர்ந்தது. அந்தச் சோப்புக்கான கொழுப்பு அமிலம் விளக்கெண்ணெயிலிருந்து வருகிறது. உலகத்திலேயே அதிகம் ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான், அதிலும் முக்கியமாகக் குஜராத்தில். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்டவர்கள் நம் தாத்தாக்கள். அச்சு மாறிவிட்டது, ஆமணக்கு இன்னும் கூடவே வருகிறது.

எண்ணெய் உள்ளே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தோல் ஆலையில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குரோம் ஏற்றிய தோலை அப்படியே காயவைத்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். அதனால்தான் வெந்நீரில் பால்போலக் கலங்கிய எண்ணெயை டிரம்மில் சுற்றவிட்டு ஒவ்வொரு நாருக்கும் இடையில் ஏற்றுகிறார்கள். தோலுக்கு இவ்வளவு பக்குவம் பார்க்கும் ஊரில் அதைச் சுமக்கிற வண்டியின் செயினுக்கு எஞ்சினிலிருந்து வடித்த கருப்பு ஆயிலை ஊற்றுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழைய எஞ்சின் ஆயிலில் கரியும் அமிலமும் தேய்ந்த உலோகத் துகளும் இருக்கின்றன. எஞ்சினுக்கு ஆகாது என்று வடித்ததைச் செயினுக்கு விடுவதில் நியாயமில்லை. வருஷக்கணக்கில் வெறுங்கையில் படுவது மெக்கானிக்குடைய தோலுக்கும் கேடு. பழைய இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பரில் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோயிற்று, வடிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான்கு ஸ்ட்ரோக்கில் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கெடுகிறது. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். பழைய பழக்கத்தில் அதை மறந்து எஞ்சினை இறுக்கிக்கொள்பவர்கள் நிறைய.

வடித்த ஆயில் போகும் இடத்தையும் யோசிக்க வேண்டும். சட்டப்படி அது அபாயக் கழிவு. தோல் கழிவுநீர் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் செய்ததை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் 1996-இல், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த மண்ணில் ஒவ்வொரு பட்டறைச் சாக்கடை வழியாகவும் கருப்பு ஆயிலும் இறங்க வேண்டாம். மூடியுள்ள கேனில் தண்ணீர் கலக்காமல் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு எடுத்துப்போகிறவரிடம் கொடுத்தால் அது மறுபடி அடிப்படை எண்ணெயாகிறது. பேரணாம்பட்டு நண்பர் அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, பழையதை வாங்கிக்கொள்ளும் பட்டறையாகப் பார்த்து வண்டியை விடட்டும். செயினுக்கு 90 நம்பர் ஆயில் ஒரு சின்ன டப்பா வாங்கிக்கொண்டால் நெடுநாள் வரும்.