டாட்ஜர்ஸ் அணியின் முழங்கைகள்

ஷோஹே ஓட்டானி ஒரு பந்துவீச்சாளர். ஜப்பானில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய் பேஸ்பால் ஆடுகிறவர். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் பந்துகளை வீசிப் பெயர் வாங்கியவர். 2024-இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆடத் தொடங்கினார். அந்த சீசன் முழுக்க ஓர் ஆட்டத்தில்கூட அவர் பந்து வீசவில்லை. ஆனாலும் அந்த ஆண்டில் எல்லோரும் பேசியது அவரைப் பற்றித்தான்.

ஏன் வீசவில்லை? முழங்கைதான் காரணம். 2023 செப்டம்பரில் அவருடைய வலது முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அந்தக் கையால் வேகமாக வீச முடியாது. ஆனால் பேட் பிடிக்க முடியும். சரி, பேட் பிடிக்கிறேன் என்று இறங்கியவர் 54 ஹோம் ரன்கள் அடித்தார். 59 பேஸ்களைத் திருடினார் (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்). ஒரே சீசனில் இரண்டிலும் 50-ஐத் தொட்டவர் அவருக்கு முன்னால் ஒருவருமே இல்லை. செப்டம்பர் 19 அன்று மயாமியில் நடந்த ஒரே ஆட்டத்தில் 3 ஹோம் ரன்கள் அடித்து, 2 பேஸ்கள் திருடி, இரண்டு எண்ணிக்கையிலும் 50-ஐக் கடந்தார்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி எழும்பாது; பிட்சர் எனப்படும் பந்துவீச்சாளரின் கையிலிருந்து நேராக பேட்டரிடம் வரும். வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். நம் சிக்ஸர் போலத்தான், ஆனால் அந்த நேரத்தில் பேஸ்களில் (ரன் எடுக்க வரிசையாக ஓடிக் கடக்க வேண்டிய இடங்களில்) எத்தனை பேர் நிற்கிறார்களோ, அடித்தவரின் ரன்னோடு அத்தனை ரன்னும் சேர்ந்து கிடைக்கும். மூன்று பேஸ்களிலும் ஆள் இருந்தால் ஒரே அடியில் 4 ரன். ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். 2024-இல் டாட்ஜர்ஸ் அவற்றில் 98-ஐ வென்றது. அந்த ஆண்டு எந்த அணியும் அதைவிட அதிகம் வெல்லவில்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் அருகே உள்ள தட்டு வரை 18.44 மீட்டர். பிட்சர் ஒரு நீண்ட எட்டு எடுத்து வைத்துத்தான் பந்தை விடுவார். ஆகவே பந்து பறக்கும் தூரம் 17 மீட்டருக்கும் குறைவு. மணிக்கு 150 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 42 மீட்டர். வகுத்துப் பாருங்கள். 0.4 நொடி வருகிறதா? அதற்குள் கண் பந்தைப் பார்த்து மூளைக்குச் சேதி அனுப்ப வேண்டும். பேட்டைச் சுழற்றவே 0.15 நொடி ஆகும். முடிவெடுக்க மிஞ்சுவது நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால், பந்து கடைசியில் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு பேட்டர் அடிப்பதில்லை. பந்து பாதித் தூரம் வருவதற்குள் மூளை ஓர் ஊகம் செய்துவிடுகிறது. பேட் அந்த ஊகத்தை நோக்கித்தான் சுழல்கிறது. பிட்சரின் வேலை அந்த ஊகத்தைப் பொய்யாக்குவது.

இதில் கெட்டிக்காரர் யோஷினோபு யமமோட்டோ. இவரும் ஜப்பான்காரர், இவருக்கும் டாட்ஜர்ஸில் அதுதான் முதல் ஆண்டு. உயரம் 178 சென்டிமீட்டர்தான். அமெரிக்க பிட்சர்களுக்கு நடுவே சிறிய உருவம். பயிற்சிக்காக ஈட்டி எறிகிறவர். அவர் கையில் உள்ள ஆயுதம் சுழற்சி.

எந்தப் பந்தாக இருந்தாலும் 0.4 நொடியில் புவியீர்ப்பு அதைக் கிட்டத்தட்ட 78 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். (பள்ளியில் படித்த அரை ஜி டி ஸ்கொயரைப் போட்டுப் பாருங்கள்.) ஆனால் வேகப்பந்தை விடும்போது பிட்சரின் விரல்கள் பந்தின் பின்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுத்து விடுகின்றன. பந்து பின்னோக்கிச் சுழன்றபடி பறக்கிறது, நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளுக்கும் மேல். பந்தின் மேல்தோலில் 108 இரட்டைத் தையல்கள் மேடாக நிற்கின்றன. சுழலும்போது அந்தத் தையல்கள் ஒட்டியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகின்றன. பந்தைத் தாண்டிப் போகும் காற்று கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிடப்படுகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி. அதனால் வேகப்பந்து பேட்டர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இறங்குகிறது. வளைபந்து இதற்கு நேர் எதிர். அதில் பந்து முன்னோக்கிச் சுழல்கிறது. காற்றும் புவியீர்ப்பும் சேர்ந்து அதைக் கீழே அழுத்துகின்றன. நெஞ்சுயரத்தில் வருவதுபோலக் கிளம்பிய பந்து முழங்காலுக்கு இறங்கிவிடும். ஜெர்மன் விஞ்ஞானி மேக்னஸ் 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த விளைவு இது. அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றிலேயே ஒரு பக்கம் நகருமே, அதற்கும் இதுதான் காரணம். ஆனால் வேகப்பந்து வீச்சாளரின் ஸ்விங் வேறு. அங்கே தையல் சாய்ந்து நிற்பதும், ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருப்பதும் காற்றைப் பிரிக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மேக்னஸ் விளைவை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு காகிதக் கோப்பைகளை அடியோடு அடி சேர்த்து டேப்பால் ஒட்டுங்கள். நான்கைந்து ரப்பர் பேண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, நடு இடுப்பில் சுற்றுங்கள். ரப்பரின் நுனி கோப்பைக்குக் கீழ்ப்பக்கமாக முன்னே வர வேண்டும். நுனியை ஒரு கையால் முன்னால் பிடித்து, கோப்பையைப் பின்னால் இழுத்து விடுங்கள். கோப்பை பின்னோக்கிச் சுழன்றுகொண்டே காற்றில் மேலே ஏறும். ரப்பரை மறுபக்கமாகச் சுற்றி விட்டால் நேராகத் தரையில் போய் விழும். இரண்டையும் செய்து பாருங்கள்.

யமமோட்டோவின் தொடக்கம் மோசமாக இருந்தது. மார்ச் 21 அன்று தென்கொரியாவின் சியோலில் ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் 5 ரன்கள் கொடுத்தார். ஜூனில் தோள்பட்டைக் காயம், செப்டம்பரில்தான் திரும்பினார். அக்டோபர் 26 அன்று, உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில், நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிராக 19 அவுட்கள் எடுத்தார். அதற்கிடையே அவர் பந்தை அடித்து பேஸுக்குப் போய்ச் சேர்ந்தது, அதாவது ஹிட், ஒன்றே ஒன்றுதான். சியோலில் பார்த்தவர்கள் இதை நம்பியிருக்க மாட்டார்கள்.

அதற்கு முந்தைய இரவு இன்னும் பெரிய கதை. முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு அவுட் ஆகிவிட்டது, மூன்றாவது ஆனால் தோல்வி; மூன்று பேஸ்களிலும் ஆள். பேட் பிடிக்க வந்தவர் ஃபிரெடி ஃப்ரீமன். ஒரு மாதம் முன்பு கணுக்கால் சுளுக்கி, சரியாக ஓட முடியாமல் இருந்தவர். முதல் பந்தையே அடித்தார். அது 409 அடி, அதாவது ஏறக்குறைய 125 மீட்டர் பறந்து ரசிகர்களுக்கு நடுவே விழுந்தது. உலகத் தொடர் ஒன்றில் நான்கு ரன் ஹோம் ரனால் ஓர் ஆட்டம் முடிந்தது அதுவே முதல் முறை.

அந்த அடியில் பேட்டும் பந்தும் எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தன தெரியுமா? நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.0007 நொடி. மணிக்கு 150 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் புறப்பட்டு வந்த 145 கிராம் பந்து, அந்த நேரத்துக்குள் நசுங்கி, நின்று, திரும்பி, 175 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிவிட்டது. விசை எவ்வளவு என்று உந்தத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 18,000 நியூட்டன் வருகிறது. 1,800 கிலோவைத் தூக்கப் போதுமான விசை! கணுக்கால் சரியில்லாத ஒருவர் எப்படி அதைக் கொடுத்தார்? வெறும் பலத்தால் மட்டும் அல்ல. கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சுழன்று வேகம் பேட்டின் நுனி நோக்கிப் போய்ச் சேர்கிறது. சரியான நொடியில், சரியான இடத்தில் பட்டுவிட்டால் போதும். தொடரின் முதல் நான்கு ஆட்டங்களிலும் ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்தார். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

அந்த சீசனில் ஓட்டானியின் மிக நீண்ட அடி ஜூன் 18 அன்று டென்வர் நகரில் வந்தது. 476 அடி, 145 மீட்டர். அதில் ஒரு பங்கு டென்வரின் காற்றுக்கும் சேரும். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரை ஊர்களில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு குறைந்துவிடுகிறது. பந்தைத் தடுக்கும் காற்று குறைந்தால் பந்து தூரம் போகும். அதே காரணத்தால் அங்கே வளைபந்து சரியாக வளையாது. பிடித்துத் தள்ளுவதற்குக் காற்று போதாது. அதனால் பிட்சர்களுக்கு அந்த மைதானம் பிடிக்காது. அங்கே பந்துகள் காய்ந்து அதிகம் துள்ளுகின்றன என்று கண்டு, 2002 முதல் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில்தான் வைக்கிறார்கள்.

பேஸ் திருடுவது என்றால், பிட்சர் வீசத் தொடங்கும்போது அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. 2023-இல் பேஸ்களை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். முதல் பேஸுக்கும் இரண்டாவது பேஸுக்கும் இடையே நான்கரை அங்குலம் குறைந்தது. அது சின்னத் தூரம்தான். ஆனால் பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் அவுட்டா இல்லையா என்று முடிவாகும் விளையாட்டில் அதுவும் கணக்கில் வரும். ஓட்டானி 63 முறை முயன்று 4 முறை மட்டுமே பிடிபட்டார்.

இனி முழங்கைக்கு வருவோம். எனக்கு அந்த சீசனில் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது அதுதான்.

முழங்கையின் உட்புறத்தில் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் ஒரு தசைநார் இருக்கிறது. சில சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அளவு அகலம். பிட்சர் பந்தை வீசும்போது தோளில் மேல்கை சுழலும் வேகம் நொடிக்கு 7,000 பாகை வரை போகிறது. மனித உடல் செய்யும் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. அந்தக் கணத்தில் முழங்கையில் ஏற்படும் இழுப்பு, அந்தத் தசைநார் தனியாகத் தாங்கக்கூடியதைவிட அதிகம். சுற்றியுள்ள தசைகள் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அது அறுவதில்லை. தசைகள் களைத்துப்போனால் சுமை முழுக்க அதன்மேல் விழும்.

1974-இல் இதே டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்ற இடதுகை பிட்சருக்கு அந்த நார் கிழிந்தது. அதுவரை இந்தக் காயம் வந்தால் வீரரின் ஆட்டம் முடிந்தது என்று பொருள். மருத்துவர் ஃபிராங்க் ஜோப் ஒரு புதிய வழியை முயன்றார். டாமி ஜானின் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்தார். இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, அதைக் கோத்துக் கட்டினார். மெதுவாக அதற்குள் இரத்தக் குழாய்கள் வளர்ந்தன. தசைநாணே தசைநாராக மாறியது. பலன் கிடைக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று ஜோப் நினைத்திருந்தார். டாமி ஜான் 1976-இல் திரும்பி வந்து, 1989 வரை வீசினார். சிகிச்சைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள். இன்றும் அந்தச் சிகிச்சைக்கு அவர் பெயர்தான்.

எந்தத் தசைநாண் என்று பார்க்க வேண்டுமா? கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் நரம்புபோல ஒன்று புடைத்து எழும். அதுதான். சிலருக்கு அது இருக்காது. இல்லாவிட்டாலும் கைக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அதை எடுத்து வேறிடத்தில் வைக்க முடிகிறது.

ஓட்டானிக்கு 2018-லேயே இந்தச் சிகிச்சை ஒருமுறை நடந்தது. டாட்ஜர்ஸின் இன்னொரு பிட்சர் வாக்கர் பியூலருக்கு 2015-இலும் 2022-இலும் இருமுறை. 2024-இல் அவர் திரும்பி வந்தபோது பந்து சொன்னபடி கேட்கவில்லை: வழக்கமான சீசனில் 1 வெற்றி, 6 தோல்வி. ஆனால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஒரே நாள் ஓய்வுக்குப் பிறகு, அக்டோபர் 30 அன்று ஐந்தாவது ஆட்டம். 0–5 என்று பின்தங்கியிருந்த டாட்ஜர்ஸ் 7–6 என்று முன்னேறியது. கடைசி இன்னிங்ஸை வீச வந்தவர் பியூலர். வந்த மூன்று பேரையும் அவுட் ஆக்கினார். கடைசி அவுட் ஒரு வளைபந்தில் விழுந்தது. கோப்பை டாட்ஜர்ஸுக்கு.

அந்த அணியில் காயத்தால் விலகிய பிட்சர்கள் இன்னும் பலர். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் வெளியிட்ட ஆய்வறிக்கை, இத்தகைய காயங்களுக்கு அதிக வேகத்தைத் தேடுவதையும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது. சிறுவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வளரும் எலும்பின் முனைகளில் குருத்தெலும்பு இருக்கிறது. அது தசைநாரைவிட மென்மையானது. அதனால்தான் அமெரிக்காவின் லிட்டில் லீக் ஆட்டங்களில் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது என்று விதி இருக்கிறது.

நீங்கள் கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசுகிறவராக இருக்கலாம். உங்களுக்கு முழங்கையைவிடக் கீழ்முதுகு எலும்புக்குத்தான் ஆபத்து அதிகம். எல்லைக்கோட்டிலிருந்து பந்தை வீசி எறியும்போது முழங்கைக்கும் உண்டு. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வீசாதீர்கள். அன்றைக்கே நிறுத்துங்கள். பயிற்சியாளரிடமோ அம்மா அப்பாவிடமோ வலிக்கிறது என்று சொல்லுங்கள்.