முதல் பனி எனும் பொறி

2017 அக்டோபர் 7. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இம்ப் பீக் என்ற மலையில் பனிச்சறுக்கு வீரர்கள் இருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலம் இன்னும் தொடங்கவில்லை. வடக்கு பார்த்த செங்குத்தான ஓர் இடுக்கில் மட்டும் சறுக்குகிற அளவுக்குப் பனி சேர்ந்திருந்தது. அவர்கள் ஏறுகையில் அது பாளமாக உடைந்து சரிந்தது. கனம் ஓரடி முதல் இரண்டடி, அகலம் சுமார் 150 அடி. பனிச்சரிவுகளில் இது சிறியதுதான். இருவரில் ஒருவர் அதில் புதைந்து இறந்தார்.

பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்றுதான் யாருக்கும் தோன்றும். மலையில் அது பல சமயம் நேர்மாறாக நடக்கிறது. காரணம் அந்தப் பனியின் மெல்லிய கனமே.

கோடையில் வாங்கிய வெப்பம் மண்ணில் மிச்சமிருப்பதால், பனியின் அடிப்பகுதி கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே நிற்கும். மேகமில்லாத இரவில் மேற்பரப்போ தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து மைனஸ் 15 வரை குளிர்ந்துவிடும். பனி இரண்டு மீட்டர் கனமிருந்தால் இந்த 15 டிகிரி வித்தியாசம் நிதானமாகப் பரவும். மீட்டருக்கு ஏழெட்டு டிகிரிதான். கனம் வெறும் 30 சென்டிமீட்டர் என்றால் அதே வித்தியாசம் மீட்டருக்கு 50 டிகிரி என்ற வேகத்தில் ஏறிவிடும். மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருந்து நீராவி மேல்நோக்கி விரைந்து, பனித்துகள்களின் வடிவத்தையே மாற்றத் தொடங்குகிறது. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த துகள்கள் சில வாரங்களில் கூர்முனைகளும் பட்டைகளும் கொண்ட பெரும் படிகங்களாகிவிடும். கையில் அள்ளினால் சீனி போல உதிரும்.

அடுத்த பெரும் பனிப்பொழிவு இதன் மேல்தான் வந்து அமர்கிறது. கூடவே காற்று. மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்து, இறுகிய பாளமாக்கிவிடும். உதிரிப் படிகங்களின் மேல் ஒரு பாளம். சரிவோ 30 முதல் 45 டிகிரி. ஒரு மனிதனின் எடையில் அடியிலுள்ள அடுக்கு நொறுங்கினால் போதும், விரிசல் கண நேரத்தில் சரிவு முழுக்க ஓடிவிடும். சில சமயம் அந்த அடுக்கு அமுங்கும் 'வும்ப்' என்ற ஓசை காலடியில் கேட்கும். அதைவிடத் தெளிவான எச்சரிக்கை மலையில் கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால், வெயில் படும் சரிவுகளில் முதல் பனி உருகிப் போய்விடுகிறது. நிழலான, உயரமான, காற்று குவித்த சரிவுகளில்தான் அது தங்குகிறது. கோடை முழுக்கக் காத்திருந்தவர்கள் பனியைத் தேடிப் போவதும் அங்கேதான். போதாக்குறைக்கு, வட அமெரிக்காவின் பல பனிச்சரிவு மையங்கள் தினசரி முன்னறிவிப்பைத் தொடங்கவே நவம்பர் ஆகிவிடும்.

நம் இமயமலையில் மழைக்காலம் முடிந்து வானம் தெளியும் அக்டோபர், மலையேற்றத்துக்கு உகந்த மாதம். உயரங்களில் புதுப்பனி சேரும் மாதமும் அதுதான். 2022 அக்டோபர் 4 அன்று, உத்தராகண்டில் 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. இருவர் அப்போதைய தேடலில் கிடைக்கவில்லை. அனுபவம் மிக்க பயிற்றுநர்களும் இறந்தவர்களில் அடக்கம் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

புதைந்தவரை 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்தான். வெளியிலிருந்து உதவி வருவதற்குள் காலம் கடந்துவிடும். உடன் வந்தவர்களே காப்பாற்றியாக வேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் சிக்னல் அனுப்பும் டிரான்சீவர், குத்திப் பார்க்கும் நீளக்கம்பி, மண்வாரி மூன்றும் தேவை. இம்ப் பீக்கில் இறந்தவரிடமும் டிரான்சீவர் இருந்தது. அணைத்த நிலையில் பைக்குள் இருந்தது. பருவத்தின் முதல் நாளில் பழக்கங்கள் இன்னும் திரும்பியிருக்காது; பேட்டரியைச் சோதிக்க வேண்டிய நாளும் அதுதான். சிறிய பனிச்சரிவில் புதையாமல் தப்பினாலும், மெல்லிய பனிக்கடியில் மறைந்த பாறைகள் எலும்பை முறித்துவிடும்.

ஜனவரி வாக்கில் பனி கனத்ததும் வெப்ப வித்தியாசம் தணிந்து, படிகங்கள் மெல்ல மறுபடி ஒட்டத் தொடங்கும். எல்லா இடத்திலும் அல்ல. பாறை முனைகள் எட்டிப் பார்க்கும் இடங்களில் பனி மெலிந்தே இருக்கும். அக்டோபரில் விழுந்த அடுக்கு அங்கே வலுவற்றே கிடக்கும். நடுக்குளிர்காலத்தின் பெரிய பனிச்சரிவுகள் பலவற்றுக்கு விசை அழுத்தப்படுவது அத்தகைய மெலிந்த இடங்களில்தான்.